தி லாஸ்ட் ஸ்டாண்ட் படத்தை ஜீன் கிரேயின் கதையாக மறுபடி எடிட் செய்ய முடியுமா?

செம்பறவை

எக்ஸ்-மென் வரிசையில் மூன்றாவதாக வந்த தி லாஸ்ட் ஸ்டாண்ட் (2006) படத்தை மறுபடி எடிட் செய்யத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருக்கும் ப்ளூ-ரேயிலிருந்து, நான் பார்ப்பதற்காக மட்டும். டார்க் ஃபீனிக்ஸ் கதையைக் காமிக்ஸாகப் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதே இல்லை. கிறிஸ் கிளேர்மாண்ட் எழுத்து, ஜான் பர்ன் ஓவியம், 1980-இல் எக்ஸ்-மென் காமிக்ஸின் 129-ஆம் இதழிலிருந்து 138 வரை. ஜீன் கிரே என்ற பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சக்திக்குப் பழகுகிறாள், அதில் ருசி காண்கிறாள், வெறி ஏறி ஒரு நட்சத்திரத்தையே விழுங்கி அதைச் சுற்றும் கிரகத்தில் 500 கோடி உயிர்களைச் சாகடிக்கிறாள், கடைசியில் நிலாவில், தான் மறுபடியும் அப்படி ஆகிவிடுவோம் என்று தெரிந்ததும் காதலன் கண்முன்னே தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். படத்தில் அதே ஜீன் பாதிக் கதைக்கு மேல் வில்லன் மேக்னீட்டோவுக்குப் பக்கத்தில் வெறுமனே நின்று வெறித்துப் பார்க்கிறாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை, படமும் கேட்பதில்லை.

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், ஜீனாக ஃபாம்கே யான்சன் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆராய்ச்சிக்கூடத்தில் கண்விழிக்கும் காட்சியையும், சிறுவயது வீட்டில் எக்ஸ்-மென் தலைவர் பேராசிரியர் சேவியரை எதிர்கொள்ளும் காட்சியையும் தனியாகப் பாருங்கள், ஒரே முகத்தில் இரண்டு பேர் மாறி மாறி வருகிறார்கள். சரக்கு இருக்கிறது, அதைச் சுற்றி வேறு ஒரு படம் குவிந்து கிடக்கிறது.

படம் ஏன் இப்படி ஆனது என்பது தெரிந்த கதைதான். முதல் இரண்டு படங்களை இயக்கிய பிரையன் சிங்கர் சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் எடுக்கப் போனார், ஜீனின் காதலன் ஸ்காட்டாக நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டனும் அந்தப் படத்தில் நடித்தார், அடுத்து வந்த மேத்யூ வான் படப்பிடிப்புக்கு முன்பே விலகினார், வெளியீட்டுத் தேதி மட்டும் அசையவில்லை, ப்ரெட் ராட்னர் வந்து முடித்துக் கொடுத்தார். ஸ்காட் தொடக்கத்திலேயே செத்துப்போவதும், லோகன் (வுல்வரின்) காதலனின் இடத்துக்கு வந்து நிற்பதும் இதன் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் முட்டிக்கொண்டு நிற்கும் இடங்கள்: படத்தை எங்கிருந்து தொடங்குவது, ஸ்காட் சாவை என்ன செய்வது, லோகன் அவளைக் குத்திக் கொல்லும் முடிவை அவளுடைய முடிவாக மாற்ற ஏதாவது வழி உண்டா. அப்புறம், வசனத்துக்கு அடியில் ஓடும் இசையை எப்படிப் பிரிப்பது. இதில் கைவைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 2019-இல் டார்க் ஃபீனிக்ஸ் என்றே ஒரு படம் வந்ததே, அதை எடு என்று மட்டும் சொல்லாதீர்கள், நடிகையே வேறு.

பழைய_இதழ்கள்

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள் நண்பரே. எடிட்டிங் நுட்பம் எனக்கு அவ்வளவு தெரியாது, ஆனால் அந்தப் பத்து இதழ்களையும் தலைகீழாகச் சொல்லுவேன், அதனால் கதைப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒன்று. "படத்தில் ஃபீனிக்ஸை விண்வெளிச் சக்தியாகக் காட்டாமல் இரட்டை ஆளுமை என்று குறுக்கிவிட்டார்கள்" என்று ரசிகர்கள் சொல்லும் குறையை விட்டுவிடுங்கள். 1980-இல் அந்த இதழ்கள் வந்தபோது ஃபீனிக்ஸ் ஜீன்தான். அவளுக்குள் இருந்த சக்தி எல்லை மீறி வளர்ந்தது, அவ்வளவுதான். அது தனி உயிர், ஜீன் கடலுக்கடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்பதெல்லாம் 1986-இல் அவளைத் திரும்பக் கொண்டுவருவதற்காகச் சேர்த்தது. ஆக, அவளுக்குள்ளேயே இருந்தது என்று படம் சொல்வது மூலத்துக்கு அவ்வளவு தூரமில்லை. மூலத்துக்குத் தூரமானது, பேராசிரியர் சிறுவயதிலேயே அவள் மனதுக்குள் தடுப்பு போட்டு வைத்தார் என்பதை இவ்வளவு பெரிய விஷயமாக ஊதியது. அதிலும் காமிக்ஸில் ஒரு சாயல் உண்டு, முடிவுக்கு முன்னால் சேவியர் அவள் மனதில் தடைகளை எழுப்பி அவளை அடக்குகிறார். ஆனால் அங்கே ஜீனும் தனக்குள்ளிருந்து அவருக்குக் கைகொடுக்கிறாள். படத்தில் அவள் வெறும் நோயாளி.

தொடக்கத்துக்கு என் யோசனை, எக்ஸ்2 (2003) படத்தின் அணைக்கட்டுக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். ஜீன் விமானத்தை விட்டு இறங்கி, ஒரு கையால் வெள்ளத்தைத் தடுத்து, இன்னொரு கையால் விமானத்தைத் தூக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறாளே, அது காமிக்ஸின் 100, 101-ஆம் இதழ்களின் நேர் வாரிசு. அங்கே மற்றவர்களைக் காப்பாற்ற விண்கலத்தைத் தான் ஓட்டுகிறேன் என்று ஜீன் தனியாக உட்கார்ந்து கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறாள், கலம் தண்ணீரில் விழுகிறது, அங்கிருந்து ஃபீனிக்ஸாக எழுகிறாள். உங்கள் எடிட் இதில் தொடங்கினால் இந்தப் பெண் யார், எதையெல்லாம் கொடுக்கத் துணிந்தவள் என்பது முதல் சில நிமிடங்களிலேயே நிலைத்துவிடும். தி லாஸ்ட் ஸ்டாண்டின் இப்போதைய தொடக்கம், அதாவது சேவியரும் எரிக்கும் (மேக்னீட்டோதான்) சிறுமி ஜீனைப் பார்க்க வீட்டுக்கு வருவது, பின்னால் சேவியர் லோகனிடம் உண்மையைச் சொல்லும் இடத்தில் நினைவாகச் செருகப்படட்டும். (அந்தக் காட்சியில் புல்வெட்டும் இயந்திரத்தோடு வருபவர் கிளேர்மாண்ட்தான், அவரை வெட்டிவிடாதீர்கள்.)

ஸ்காட் விஷயம். ஏரிக்கரையில் ஜீன் அவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணிலிருந்து வரும் கதிரைத் தன் சக்தியால் அடக்கி, முதல்முறையாக அவன் கண்களைப் பார்க்கிறாளே, அது காமிக்ஸில் இருக்கிறது. பாலைவனத்தில் ஒரு குன்றின் மேல், இருவரும் தனியாக. அந்தப் பத்து இதழ்களில் மிக மென்மையான பக்கங்கள் அவை. அதைத்தான் படத்தில் கொலைக்கு முன்னோட்டமாக ஆக்கிவிட்டார்கள். முத்தத்தோடு வெட்டுங்கள். அவன் முகம் சிதைவதைக் காட்ட வேண்டாம். பிறகு லோகனும் ஸ்டார்மும் ஏரிக்கு வரும்போது காற்றில் மிதக்கும் அந்தக் கண்ணாடி மட்டும். ஸ்காட்டுக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அப்புறம் ஆராய்ச்சிக்கூடத்தில் லோகன் ஸ்காட்டைப் பற்றிக் கேட்கும்போது அவள் முகம் உடைகிறதே, அப்போதுதான் நாமும் அவளோடு சேர்ந்து தெரிந்துகொள்கிறோம். தான் என்ன செய்துவிட்டோம் என்று ஜீனுக்கே உறைப்பதுதான் காமிக்ஸின் உயிர்நாடி. அந்த நொடி படத்தில் ஏற்கெனவே இருக்கிறது, முன்னாலேயே நமக்குச் சொல்லிவிட்டதால் வீணாகப் போயிருக்கிறது.

மையச்சேனல்

ஒலிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ரசிகர் எடிட்கள் படத்தில் தோற்பதில்லை, ஒலியில் தோற்கின்றன. வெட்டு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இசை நடுவில் துண்டானால் காது உடனே பிடித்துவிடும்.

ப்ளூ-ரேயின் ஒலி 5.1 என்றால் ஆறு தடங்களையும் தனித்தனியாகப் பிரித்து டைம்லைனில் போடுங்கள். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் இருக்கும், இசை இடது, வலது, பின்பக்கத் தடங்களில் பரவியிருக்கும். ஓர் இடத்தில் இசையை எடுக்க வேண்டுமானால் நடுத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இறக்கிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தவுடன் காட்சி காற்றில்லாத அறை மாதிரி ஆகிவிடும், காரணம் சுற்றுப்புற ஓசையும் அந்தப் பக்கத் தடங்களில்தான் இருந்தது. அதே காட்சியில் யாரும் பேசாத, இசை இல்லாத இரண்டு மூன்று விநாடியை எடுத்து நீட்டி அடியில் ஓடவிடுங்கள். காட்டுக் காட்சி என்றால் காற்றும் இலையும், ஆராய்ச்சிக்கூடம் என்றால் இயந்திர முனகல். இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நடுத் தடத்திலேயே இசை கலந்திருந்தால் டெமுக்ஸ் மாதிரி ஒலி பிரிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன, குரலைத் தனியாக எடுத்துக் கொடுக்கும். கொஞ்சம் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலச் சிதையும், அதன் மேல் புது இசையை வைத்தால் மறைந்துவிடும். புது இசைக்கு எங்கும் அலைய வேண்டாம், ஜான் பவல் இந்தப் படத்துக்கு எழுதியதே இருக்கிறது. படத்தை எவ்வளவு திட்டினாலும் அந்த இசையைத் திட்ட முடியாது. ஃபீனிக்ஸுக்காக அவர் பாடகர் குழுவோடு எழுதிய பகுதி, படத்தில் அடிதடிச் சத்தத்துக்குள் புதைந்து போனது, ஒலித்தட்டில் முழுசாகக் கிடைக்கிறது.

பழைய_இதழ்கள் சொன்ன ஏரிக்கரை வெட்டு சாத்தியம்தான். வெட்டும் இடத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒலியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் இரைச்சல் ஏறும் இடத்தைப் பிடித்து, இரைச்சலை அடுத்த காட்சிக்குள் அரை விநாடி நீட்டினால் இயக்குநரே அப்படி வெட்டியது போல இருக்கும்.

எக்ஸ்2-விலிருந்து எடுப்பதில் இரண்டு சிக்கல். அதன் ஒளிப்பதிவு நியூட்டன் தாமஸ் சீகல், இது டான்டே ஸ்பினோட்டி, நிறமும் வெளிச்சமும் ஒத்துப்போகாது. கறுப்பின் அடர்த்தியையும் தோலின் நிறத்தையும் மட்டும் நெருக்கமாகக் கொண்டுவந்தால் போதும், எல்லாவற்றையும் பொருத்தப் போனால் இரண்டுமே கெட்டுவிடும். ஜீனின் முடி இரண்டாம் படத்தில் குட்டை, மூன்றாவதில் நீளமாக, இன்னும் சிவப்பாக. அது பிரச்சினையே இல்லை, சாவிலிருந்து எழுந்தவள் அப்படித்தான் வேறாக இருக்க வேண்டும். இன்னொன்று வேகம். இரண்டும் ப்ளூ-ரே என்றால் ஒரே ஃபிரேம் வேகம். நீக்கிய காட்சிகளை பால் (PAL, ஐரோப்பா, இந்தியா பக்கத்துத் தொலைக்காட்சி முறை) டிவிடியிலிருந்து எடுத்தால் அது விநாடிக்கு 25 ஃபிரேம், ஏறக்குறைய 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் கொஞ்சம் கீச்சிடும். மெதுவாக்கிய பிறகே டைம்லைனில் போடுங்கள்.

எடிட் செய்வதற்கு முன் முழுப் படத்தையும் எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வகைக் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். இடம் நிறைய அடைக்கும், ஆனால் வெட்டுகள் ஃபிரேம் தவறாமல் நிற்கும்.

நீலரோமம்

எல்லாரும் ஜீனைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு வேறு கருத்து. இந்தப் படத்துக்குள் இரண்டு காமிக்ஸ் இருக்கின்றன. ஒன்று டார்க் ஃபீனிக்ஸ். இன்னொன்று ஜாஸ் வீடனும் ஜான் கசாடேயும் 2004-இல் அஸ்டானிஷிங் எக்ஸ்-மென் முதல் ஆறு இதழ்களில் செய்த கதை, எக்ஸ்-மென் போன்றவர்களுக்குப் பிறவியிலேயே சக்தி தரும் மரபணுப் பிறழ்வுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மருத்துவர் அறிவிப்பதும் அதன் பின்விளைவும். படம் நியாயம் செய்தது இரண்டாவதற்குத்தான். பக்கத்தில் வருபவர்களின் சக்தியை அணைத்துவிடும் சிறுவன் லீச்சிடம் கை நீட்டும்போது பீஸ்ட்டின் நீலக் கை மனிதக் கையாக மாறும் அந்தச் சில விநாடிகளைப் பாருங்கள். கெல்சி கிராமர் ஒரு வார்த்தை பேசாமல், இத்தனை வருடம் மறைத்து வைத்த ஆசையைக் கண்ணில் கொண்டுவந்துவிடுகிறார். காமிக்ஸில் ஹாங்க் (பீஸ்ட்டின் இயற்பெயர்) அந்த மருந்தை எடுத்துக்கொள்ளலாமா என்று தவிக்கும் பக்கங்களுக்கு ஈடான இடம் அது. மருந்து பட்டு மேக்னீட்டோவின் கூட்டாளி மிஸ்டீக் தரையில் கிடக்கும்போது, இத்தனை நாள் கூட இருந்த மேக்னீட்டோ நீ இனி எங்களில் ஒருத்தி இல்லை என்று விட்டுப் போகிறானே, அதுவும் அப்படித்தான்.

நான் செய்வதாக இருந்தால் ஃபீனிக்ஸை முடிந்தவரை சுருக்கிவிட்டு மருந்துக் கதையை முன்னுக்குக் கொண்டுவருவேன். ரோக் மருந்து எடுத்துக்கொள்ளாமல் திரும்பி வருவதாகவும் ஒரு காட்சி எடுத்து வைத்திருந்தார்கள், டிவிடியில் இருக்கிறது. ஆனால் அதைச் சேர்க்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ரோக் யாரைத் தொட்டாலும் அவர்கள் உயிர்ச்சக்தி உறிஞ்சப்படும், அவளுக்குத் தொடுவதே தண்டனை, அவள் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது, பிடிக்கவில்லை என்பதற்காக அதை அழிப்பது சரியா என்று தெரியவில்லை.

காமிக்ஸுக்கு உண்மையாக இருப்பது என்றால், எடுத்த காட்சிகள் எந்தக் காமிக்ஸுக்கு உண்மையாக இருக்கின்றனவோ அதைப் பின்தொடர்வதுதான் என்று எனக்குப் படுகிறது. டேர்டெவில் (2003) இதற்கு நல்ல உதாரணம். திரையரங்கில் 103 நிமிடம், அடுத்த வருடம் வந்த இயக்குநர் பதிப்பு 133 நிமிடம். நாயகன் மேட் மர்டாக் வக்கீலாக நடத்தும் ஒரு வழக்கு முழுசாகத் திரும்ப வந்தது, காதலி எலெக்ட்ராவோடு இரவைக் கழிக்கும் காட்சி போய், உதவிக் குரல் கேட்டு அவளை விட்டுவிட்டு ஓடுபவனாக மேட் மாறினான். படத்தின் குணமே மாறியது, ஏனென்றால் அந்தக் காட்சிகளை எடுத்து வைத்திருந்தார்கள். உங்கள் ஜீனுக்கு அப்படி எடுத்து வைத்தது எதுவும் இல்லையே.

செம்பறவை

நீலரோமம், நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். பீஸ்ட் கைக் காட்சியை நான் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தேன், திரும்பச் சேர்க்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது ஜீனின் கதைக்கும் தேவை. தன் சக்தியை இழக்க ஏங்கும் ஒருவர் ஒரு பக்கம், அடக்க முடியாத சக்தியோடு இன்னொருத்தி மறுபக்கம். ஆனால் ஃபீனிக்ஸைச் சுருக்கச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அவள் ஒரு பெரிய ஆயுதமாக மட்டும் வந்து போவதைத்தான் எல்லாரும் குறை சொல்கிறோம், இன்னும் சுருக்கினால் அந்தக் குறை கூடும். மருந்துக் கதை எனக்குப் பின்னணியாகப் போதும். பாதிரிப் பேச்சு மாதிரி மேக்னீட்டோ கூட்டம் கூட்டிப் பேசும் இடங்கள், புதிதாக வந்த அடியாள்கள், ஜகர்நாட் சுவர் சுவராக உடைத்து ஓடுவது எல்லாம் போகும். மூலம் 104 நிமிடம், என்னுடையது 90-க்குள் அடங்கினால் சந்தோஷம்.

முடிவைத் தான் இன்னும் யாரும் தொடவில்லை.

பழைய_இதழ்கள்

முடிவுக்கு வருகிறேன். இதில் ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காமிக்ஸின் முடிவே மாற்றி எழுதியதுதான். 137-ஆம் இதழுக்கு முதலில் வரைந்த முடிவில் ஜீன் சாகவில்லை, அவள் சக்தியை மட்டும் பிடுங்கிவிட்டு உயிரோடு விடுகிறார்கள். இத்தனை உயிர்களைக் கொன்றவள் விளைவில்லாமல் தப்பக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் நின்றதால் கடைசிப் பக்கங்களைத் திரும்பச் செய்தார்கள். பழைய முடிவு 1984-இல் தனி இதழாகவே வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். வரைந்த பக்கங்களில் முக்கால்வாசி அப்படியே இருக்க, கடைசிச் சில பக்கங்கள் மாறியதும் மொத்தக் கதையும் வேறு கதையாகிவிட்டது. உங்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

இப்போது படம். லோகன் நெருங்குகிறான், இவர்களுக்காகச் சாவாயா என்று ஃபீனிக்ஸ் கேட்கிறாள், இவர்களுக்காக இல்லை, உனக்காக என்கிறான், அவள் முகம் ஒரு கணம் ஜீனாக மாறுகிறது, என்னைக் காப்பாற்று என்கிறாள், அவன் காதலைச் சொல்லிவிட்டுக் குத்துகிறான். இதில் அவன் சொல்லும் காதல் வசனத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஜீனின் முகத்திலேயே நில்லுங்கள், எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு. ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் தன்னைக் கொன்றுவிடும்படி லோகனிடம் கெஞ்சுகிறாள் அல்லவா, அந்தக் குரலின் ஒரு துண்டை மட்டும் இங்கே திரும்பக் கேட்கவைக்கலாம், காட்சி வேண்டாம், குரல் மட்டும். அப்போது அவன் செய்வது அவள் முன்பே எடுத்த முடிவை நிறைவேற்றுவதாக ஆகிறது. காமிக்ஸ் அளவுக்கு வராது. அங்கே தன்னைக் கொல்லும் ஆயுதத்தை அவளே இயக்குகிறாள். ஆனால் லோகனின் தியாகம் என்ற இடத்திலிருந்து ஜீனின் விருப்பம் என்ற இடத்துக்காவது நகரும்.

கல்லறைக் காட்சியில் மூன்று கல்லும் இருக்கின்றன, ஸ்காட்டின் கல்லில் ஒரு விநாடி கூடுதலாக நில்லுங்கள், படத்தில் அவனுக்காக ஒருவரும் சரியாக அழவே இல்லை. எக்ஸ்2 முடிவில் ஃபாம்கே யான்சன் குரலில் வரும் உரையை இதன் மேல் வைத்து முடித்துவிடலாம். சதுரங்கக் காய் அசைவதும், பெயர்களுக்குப் பின் சேவியர் வேறு உடலில் பேசுவதும் வேண்டவே வேண்டாம். இவ்வளவு பேர் இழந்ததற்கு அடுத்த நிமிடமே ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் எதை நம்பி வருத்தப்படுவது?

மையச்சேனல்

குரலைத் திரும்பக் கேட்கவைக்கும் யோசனை நன்றாக இருக்கிறது. எச்சரிக்கை ஒன்று, ஆராய்ச்சிக்கூடக் குரலில் அந்த அறையின் எதிரொலி இருக்கும், திறந்தவெளிப் போர்க்களத்தில் அப்படியே வைத்தால் ஒட்டாமல் நிற்கும். அதனால் அதை எதிரொலி இன்னும் கூட்டி, மற்ற எல்லா ஓசையையும் அந்த இரண்டு விநாடிக்கு அமுக்கிவிடுங்கள், அவள் தலைக்குள் கேட்பதாக ஆகிவிடும். லோகன் பேசும் ஷாட்டில் வாய் அசைவது தெரியும், அதனால் வசனத்தை மட்டும் அணைத்தால் போதாது, ஷாட்டையே எடுத்துவிட்டு ஜீனின் ஷாட்டை மெதுவாக்கி நீட்டுங்கள். 80 சதவீத வேகம் வரை கண்ணுக்குத் தெரியாது, அதற்குக் கீழே போனால் பறக்கும் தூசியும் குப்பையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். கோல்டன் கேட் பாலத்தை மேக்னீட்டோ பெயர்த்து, இறுதிச் சண்டை நடக்கும் அல்காட்ராஸ் தீவுக்கு நகர்த்தும்போது வெளிச்சம் இருக்கிறது, பாலம் போய்ச் சேர்ந்ததும் திடீரென்று நடு இரவு. வெளியான நாளிலிருந்து எல்லாரும் சுட்டிக்காட்டும் குறை இது. பகல் ஷாட்களின் வானத்தை மட்டும் மறைத்து, வெளிச்சத்தை ஒவ்வொரு ஷாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நீலத்தை ஏற்றிக்கொண்டே வந்தால் பாலம் நகரும் நேரத்தில் பொழுது சாய்ந்ததாக ஆகிவிடும். கார் விளக்குகள் எரியும் ஷாட்களைக் கடைசியில் வரும்படி வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், அவை ஏற்கெனவே இருட்டுக்கு ஏற்றவை. வேலை முடிந்ததும் அந்தத் துண்டை மட்டும் ஒலி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எங்கே வெளிச்சம் குதிக்கிறது என்று தெரிந்துவிடும்.